அம்பாசிடரா, மாருதி 800-ஆ: இழுவையைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாதங்கள் தவறாமல் வந்துவிடும். அம்பாசிடர் பின்சக்கரத்தில் ஓடும் வண்டி, அதனால்தான் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது, முன்சக்கரத்தில் ஓடும் மாருதிக்கு அந்த இழுவை வராது என்பது ஒன்று. வெறும் 800 சிசி வண்டி நெடுஞ்சாலையில் 1500 சிசி வண்டியை முந்திச் சென்றதே, அப்படியானால் அம்பாசிடரின் இன்ஜினே மட்டமானது என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் தாங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் கண்டதற்கு அவர்கள் காட்டும் காரணம் பெரும்பாலும் தவறு. இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறது, அந்த வேலை எந்த வழியாகச் சக்கரத்தை அடைகிறது, சக்கரம் தரையை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு அது. மூன்றையும் பிரித்துவிட்டால், இரண்டு வண்டிகளும் சம்பாதித்த பெயர் நியாயமானதுதான் என்பது விளங்கும்.

எந்த அம்பாசிடர், எந்த மாருதி

ஒப்பிடத் தொடங்கும் முன் இதைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரப்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை வெளிவந்தது. இவ்வளவு நீண்ட காலத்தில் உருவம் அதிகம் மாறாவிட்டாலும், பானெட்டுக்குள் இருந்த இன்ஜின் பலமுறை மாறியது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் நெடுநாள் இருந்தது. அதே கொள்ளளவில் ஒரு டீசல் இன்ஜினும் வந்தது. தமிழ்நாட்டு வாடகைக் கார் நிறுத்தங்களில் நின்ற அம்பாசிடர்கள் பலவற்றில் இருந்தது இதுதான். பிற்காலத்தில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜினும் 2 லிட்டர் இசுசு டீசல் இன்ஜினும் வந்தன. பழைய டீசலின் திறன் சுமார் 37 குதிரைத்திறன். இசுசு பெட்ரோலின் திறன் சுமார் 75. ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்கு. ஆகவே "அம்பாசிடர் எப்படி இழுக்கும்?" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை.

மாருதி 800 கதை இவ்வளவு சிக்கலானதன்று. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியது. 1986-இல் உருவம் மாறியது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. இரண்டு வண்டிகளும் ஒரே ஆண்டில் விடைபெற்றன. மாருதியில் பிற்காலத்தில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் போய் எரிபொருள் பீய்ச்சும் முறையும், சில வகைகளில் ஐந்து கியரும் வந்தபோதிலும், 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ற அடிப்படை மாறவில்லை.

இக்கட்டுரையில் அம்பாசிடர் என்றால் 1489 சிசி பெட்ரோல் வண்டி. மாருதி என்றால் கார்புரேட்டர் பொருத்திய நான்கு கியர் வண்டி. பலரும் மனத்தில் வைத்துப் பேசுவது இந்த இரண்டையும்தான்.

முறுக்குவிசை, திறன்

கிணற்றில் இருவர் நீர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெரிய வாளியை நிதானமாக இழுக்கிறார். மற்றவர் சிறிய வாளியை வேகவேகமாக இழுக்கிறார். ஒரு நிமிடத்தில் தொட்டியில் சேரும் நீர் இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். சிறிய வாளிக்காரர் போதிய வேகம் காட்டினால் பெரிய வாளிக்காரரை மிஞ்சவும் செய்யலாம். ஆனால் அவருடைய கை ஓய்ந்து வேகம் குறைந்தால், தொட்டிக்கு வரும் நீர் உடனே குறைந்துவிடும்.

ஒரு வாளியின் கொள்ளளவுதான் முறுக்குவிசை. வண்டிக்காரர்கள் டார்க் என்று சொல்வது இதையே. இன்ஜினின் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு அழுத்தத்தோடு திருகுகிறது என்பதை இது காட்டுகிறது. இதை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். ஒரு நிமிடத்தில் சேரும் நீர்தான் திறன். முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். இதைக் குதிரைத்திறனில் சொல்வது வழக்கம்.

அம்பாசிடரின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர்; மாருதிக்கு ஏறத்தாழ 59. அம்பாசிடரின் உச்சத் திறன் சுமார் 50 குதிரைத்திறன்; மாருதிக்குச் சுமார் 39. முறுக்குவிசையில் அம்பாசிடருக்கு 100 என்றால் மாருதிக்கு 60கூட இல்லை. திறனிலோ 100-க்கு 78 இருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அம்பாசிடர் தன் உச்சத் திறனை நிமிடத்துக்குச் சுமார் 4200 சுழற்சியில் எட்டுகிறது. மாருதி சுமார் 5500 சுழற்சியில் எட்டுகிறது. அது சிறிய வாளி. ஆனால் வேகமான கை.

"800 சிசிதானே" என்று தள்ளிவிடுவது இதனால்தான் தவறாகிறது. சிசி என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு; அது வாளியின் அளவைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அது காட்டுவதில்லை.

ஒன்று ஏன் மெதுவாகச் சுழல்கிறது, மற்றொன்று ஏன் வேகமாகச் சுழல்கிறது

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே வரை போகும் தூரத்துக்கு வீச்சு என்று பெயர். அம்பாசிடரின் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், வீச்சு 88.9 மில்லிமீட்டர். மாருதியில் விட்டம் 68.5, வீச்சு 72. அம்பாசிடரினுடையது ஒடுங்கி நீண்ட சிலிண்டர். மாருதியினுடையது ஏறத்தாழச் சதுரமானது.

வீச்சு நீண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பிஸ்டனும் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கணம் நின்று திசை திரும்பியாக வேண்டும். வேகம் கூடக்கூட இந்தத் திருப்பத்தில் உலோகம் படும் பாடு கடுமையாகக் கூடும். ஆகவே இன்ஜினின் உண்மையான வரம்பு சுழற்சி எண்ணில் மட்டும் இல்லை. பிஸ்டன் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதிலும் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அம்பாசிடரின் பிஸ்டன் 4200 சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 747 மீட்டர் ஓடுகிறது. மாருதியின் பிஸ்டன் 5500 சுழற்சியில் ஏறத்தாழ 792 மீட்டர் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை! ஒன்று சோம்பேறி, மற்றொன்று துடிப்பானது என்ற எண்ணம் காதுக்குக் கேட்கும் ஒலியால் வருவது. உள்ளே பிஸ்டன்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் அம்பாசிடரின் இன்ஜினை மட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் வால்வுகளை இயக்கும் முறை. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் கதவுகள்தான் வால்வுகள். அவற்றைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு கேம் ஷாஃப்ட். அம்பாசிடரில் கேம் ஷாஃப்ட் இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட புஷ் ராடுகள் மேலே போய், ராக்கர் என்னும் சிறு நெம்புகோல்களைத் தட்டி, வால்வுகளைத் திறக்கின்றன. இவ்வளவு உறுப்புகளும் மேலும் கீழும் ஆடுவதால் வேகம் கூடும்போது அவை பின்தங்கத் தொடங்கும். மாருதியில் கேம் ஷாஃப்ட் வால்வுகளுக்கு அருகிலேயே, இன்ஜினின் தலைப்பகுதியில் இருக்கிறது. ரப்பர் பெல்ட் ஒன்று அதைச் சுழற்றுகிறது. நடுவில் புஷ் ராடுகள் இல்லாததால் அது வேகத்துக்கு எளிதில் ஈடுகொடுக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்பாசிடரின் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த அதே 1489 சிசி இன்ஜின்தான் 1955-இல் வெளிவந்த எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் விளையாட்டுக் காரிலும் இருந்தது. இரண்டு கார்புரேட்டர்களும் வேறு அமைப்புகளும் சேர்ந்து, அங்கே அது 70 குதிரைத்திறனை ஒட்டிய அளவைத் தந்தது. அம்பாசிடருக்குக் கிடைத்தது அடக்கி வைக்கப்பட்ட வடிவம். மட்டமான பெட்ரோலிலும் ஓட வேண்டும், எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்ட முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது.

சிலிண்டர் எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். இந்த வகை இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரும் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிந்து தள்ளுகிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளல் கிடைக்கும். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். மூன்று சிலிண்டரில் முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில்தான் தள்ளல் வரும். இடையே சிறிது தூரம் யாரும் தள்ளாமல் தண்டு தானே சுழல வேண்டியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது மாருதியின் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். வேகம் கூடினால் அது மறைந்துவிடும்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: அம்பாசிடர் குறைந்த சுழற்சியில் நிறையத் திருகுகிறது. மாருதி குறைவாகத் திருகினாலும் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டுகிறது. இது தரத்தில் உள்ள வேறுபாடு அன்று; அமைப்பில் உள்ள வேறுபாடு.

எடை என்னும் பெரிய விஷயம்

அம்பாசிடரின் எடை ஏறத்தாழ 1100 கிலோ. தொடக்க கால மாருதியின் எடை 630 கிலோவை ஒட்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்போம். காலியாக இருக்கும்போது அம்பாசிடருக்கு டன்னுக்கு 45, மாருதிக்கு 62. நெடுஞ்சாலையில் ஒருவரோ இருவரோ ஏறிய மாருதி அம்பாசிடரை ஏன் முந்திச் சென்றது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது இரண்டிலும் ஓட்டுநரோடு ஐந்து பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றுவோம். மொத்தம் 400 கிலோ. அம்பாசிடர் 1500 கிலோவாகிறது, மாருதி 1030 கிலோவாகிறது. டன்னுக்கான குதிரைத்திறன் அம்பாசிடருக்கு 33 ஆகவும் மாருதிக்கு 38 ஆகவும் குறைகிறது. அம்பாசிடர் இழந்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மாருதி இழந்தது பத்தில் நான்கு பங்கு. சுமை ஒன்றுதான் என்றாலும், லேசான வண்டிக்கு அது தன் எடையில் பெரும்பகுதி.

இருந்தும் மாருதிதானே முன்னிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் 5500 சுழற்சியில் இன்ஜினை அலற விட்டால்தான். மலைப்பாதையில் அப்படி ஓட்டுபவர்கள் குறைவு. இரண்டு இன்ஜின்களும் 2500 சுழற்சியில் ஓடுகின்றன என்று கொண்டால், அம்பாசிடர் தருவது ஏறத்தாழ 35 குதிரைத்திறன், மாருதி தருவது ஏறத்தாழ 20. சுமையோடு சேர்த்து டன்னுக்குக் கணக்கிட்டால் அம்பாசிடருக்கு 23, மாருதிக்கு 19. முன்னிலை கைமாறிவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாதங்களும் எங்கே சந்திக்கின்றன என்பது இந்த இடத்தில் தெளிவாகும். காலி வண்டி, வேகமான சாலை, உயர்ந்த சுழற்சி என்றால் மாருதி வெல்லும். நிறைந்த வண்டி, ஏற்றம், தாழ்ந்த சுழற்சி என்றால் அம்பாசிடர் வெல்லும். அம்பாசிடரை ஓட்டிப் பழகிய கை, கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போக எதிர்பார்க்கும். மாருதி அங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும்; உடனே "முன்சக்கர வண்டிக்கு இழுவை இல்லை" என்று தீர்ப்பு சொல்லப்படும். இரண்டாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை அழுத்தி, இன்ஜின் உரக்கச் சத்தமிட விட்டிருந்தால் அதே வளைவில் அதே வண்டி ஏறியிருக்கும். இதில் எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழி

இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் உறுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டத்தொடர் என்று சொல்லலாம். கிளட்ச், கியர் பாக்ஸ், தண்டுகள், டிஃபரன்ஷியல் ஆகியவை இதில் அடங்கும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்.

அம்பாசிடரில் இன்ஜின் வண்டியின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் கியர் பாக்ஸ். அங்கிருந்து புரொபல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட குழாய்த்தண்டு வண்டியின் அடிவயிற்றில் ஓடிப் பின் அச்சை அடைகிறது. பின் அச்சு பள்ளம் மேடுகளில் ஏறி இறங்குவதால் தண்டின் முனைகளில் கிராஸ் ஜாயின்ட் என்னும் மடங்கும் இணைப்புகள் உண்டு. கடைசியில், நீளவாக்கில் வந்த சுழற்சி குறுக்கே திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்வது கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்கள். பினியனின் பற்கள் கிரவுனின் பற்கள்மேல் வழுக்கியபடியே தள்ளுவதால், இன்ஜின் தந்த சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது.

மாருதியில் இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கிறது. அதன் தண்டும் முன்சக்கரங்களின் அச்சும் ஏற்கெனவே ஒரே வாக்கில் இருப்பதால் சுழற்சியைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. இன்ஜினின் பக்கவாட்டில் கியர் பாக்ஸ், அதே பெட்டிக்குள் டிஃபரன்ஷியல், அங்கிருந்து இருபக்கமும் இரண்டு குட்டைத் தண்டுகள் என்று எல்லாம் பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. புரொபல்லர் ஷாஃப்டும் கனமான பின் அச்சும் மிச்சமாவதால் எடை குறைகிறது. இன்ஜினுக்கு நீளவாக்கில் இடம் தேவைப்படாததால் வண்டியின் நீளமும் குறைகிறது. 4.3 மீட்டர் நீள அம்பாசிடருக்கு எதிரே 3.3 மீட்டர் நீள மாருதியில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது இந்த அமைப்பினால்தான். முந்தைய பகுதியில் நாம் பார்த்த எடை வேறுபாட்டின் ஒரு பகுதியும் இதிலிருந்தே வந்தது.

குறுக்கு இன்ஜினை உலகறியச் செய்த மினி கார் 1959-இல் வந்தது. அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தயாரித்த அதே பிரிட்டிஷ் நிறுவனந்தான் அதையும் வெளியிட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவர் கியர் பாக்ஸை இன்ஜினுக்கு அடியில் வைத்தார். அதை இன்ஜினின் பக்கவாட்டுக்கு நகர்த்தி, இருபக்கத் தண்டுகளை நீளத்தில் வேறுபட விட்ட ஏற்பாடு, ஃபியட்டின் பொறியாளர் தாந்தே ஜகோசாவின் வழிகாட்டலில் 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற இத்தாலிய காரில் வந்தது. மாருதி பின்பற்றுவது இதைத்தான். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை பின்பற்றுவதும் இதையே.

ஓட்டத்தொடரில் பலரும் மறந்துவிடும் உறுப்பு ஒன்று உண்டு. அது சக்கரத்தின் அளவு. அம்பாசிடரின் சக்கர வளையம் 15 அங்குலம்; டயரோடு சேர்த்து ஆரம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். மாருதியில் வளையம் 12 அங்குலம். ஆரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். ஒரே அளவு திருகலைக் கொடுத்தாலும், சிறிய சக்கரம் தரையைக் கூடுதல் விசையோடு தள்ளும். பதிலுக்கு ஒரு சுற்றில் குறைந்த தூரமே போகும். இன்ஜினில் 100-க்கு 59 என்று இருந்த வேறுபாடு, கியர் விகிதங்கள் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், தரையில் 100-க்கு 75 ஆகச் சுருங்குகிறது. சிறிய சக்கரம் மாருதிக்குச் சும்மா கிடைத்த தாழ்ந்த கியர்.

எந்தச் சக்கரம் தரையைப் பற்றுகிறது

ஓட்டும் சக்கரம் தரையை எவ்வளவு தள்ள முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் தள்ளினால் சக்கரம் வழுக்கிச் சுழலும். இந்த எல்லையைப் பிடிப்பு என்று அழைப்போம். பிடிப்பு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: சாலையின் தன்மை, அந்தச் சக்கரங்களின்மேல் அழுந்தும் எடை.

காலியான மாருதியில் எடையில் பத்தில் ஆறு பங்கு முன்சக்கரங்களின்மேல் இருக்கும். இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. காலியான அம்பாசிடரிலும் கனமான இரும்பு இன்ஜின் முன்னால்தான் இருக்கிறது. ஓட்டும் பின்சக்கரங்களின்மேல் ஏறத்தாழப் பாதி எடையே விழும். ஆக, ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது நல்ல பிடிப்பு மாருதிக்குத்தான்.

ஆட்கள் ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் சேர்ந்தால் அந்த எடை பின்சக்கரங்களை அழுத்துகிறது. அம்பாசிடருக்கு இது உதவி. மாருதிக்கு இதனால் ஓர் உதவியும் இல்லை. ஏற்றத்தில் வண்டி பின்பக்கமாகச் சாய்வதால் மேலும் கொஞ்சம் எடை முன்னிருந்து பின்னுக்கு நகர்கிறது. முன்சக்கர வண்டி மலைக்கு ஆகாது என்ற நம்பிக்கையில் உண்மை இருக்கிறது என்றால், அது இவ்வளவுதான்.

அந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அளந்து பார்த்துவிட வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவு நல்ல ஏற்றம். 1030 கிலோ எடையுள்ள மாருதி அதில் ஏற ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை தேவை. முன்சக்கரங்களின்மேல் அப்போதும் 500 கிலோவை ஒட்டி இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் அதில் பத்தில் ஏழு பங்கு அளவுக்குப் பிடிப்பு கிடைக்கும் என்று கொண்டால் 350 கிலோ. தேவையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கையிருப்பில் இருக்கிறது. அம்பாசிடருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே மிச்சமாக இருப்பது மேலும் மிச்சமாவதால் ஒரு பயனும் இல்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை காய்ந்து கிடக்கும்போது, எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பது ஏற்றத்தை முடிவு செய்வதில்லை. இன்ஜினும் கியரும் எடையும்தான் முடிவு செய்கின்றன.

சேறு, ஈரப்புல், மணல், சரளைக் கற்கள் என்று வரும்போது கதை மாறும். அங்கே பிடிப்பு எடையில் நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். முன் சொன்ன 350 கிலோ அப்போது 125 ஆகிவிடும். தேவையோ சேற்றின் தடையும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் ஆட்களோடு ஏறும் மாருதியின் முன்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்று சேற்றை வாரி இறைப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. அதைத் தார்ச்சாலைக்கும் சேர்த்துச் சொல்லக் கூடாது, அவ்வளவே.

ஆம்னி காட்டும் சான்று

இன்ஜினையும் ஓட்டும் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்க நம் ஊர்ச் சாலைகளிலேயே ஒரு வண்டி இருந்தது. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி என்று அழைக்கப்பட்ட வண்டி அது. அதில் இருந்ததும் அதே 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். ஆனால் முன் இருக்கைகளுக்கு அடியில் அது நீளவாக்கில் படுத்திருக்கும். புரொபல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரங்களை ஓட்டும்.

பின்சக்கரத்தில் ஓடுவதுதான் இழுவையின் ரகசியம் என்றால், ஆம்னி மலையேற்றத்தில் மாருதி 800-ஐ எளிதில் வென்றிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளையோ நோயாளியையோ ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போன ஆம்னியை ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும்: அதுவும் இரண்டாவது கியருக்கு இறங்கித்தான் ஏறியது. எடை கூடியிருந்தது, இன்ஜின் அதேதான். அதனால் மூச்சு வாங்கியது. பின்சக்கரம் அதற்கு உதவியது வேறு இடத்தில்: சுமை நிறைந்திருக்கும்போது ஈர மண்ணில் பிடிப்பு கிடைத்தது. அம்பாசிடரின் புகழுக்குக் காரணம் அதன் பின்சக்கரம் அன்று, குறைந்த சுழற்சியில் நிறையத் திருகும் அதன் பெரிய இன்ஜின்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அம்பாசிடரின் மலையேற்றப் புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதன் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறி இன்ஜினாலேயே பெல்ட் வழியாகச் சுழற்றப்படுகிறது. ஏற்றத்தில் இன்ஜின் மெதுவாக, ஆனால் கடுமையாக உழைக்கும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும், எதிர்க்காற்றும் இருக்காது. வளைவின் ஓரத்தில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியின்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சிறிது சிறிதாகத் திறந்து, தண்ணீர் ஊற்றிய காட்சி அந்தக் கால மலைச்சாலைகளுக்குப் புதிதன்று. மாருதியின் விசிறி மின்மோட்டாரில் ஓடுவது. நீர் சூடேறினால், இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் அது முழு வேகத்தில் சுழலும்.

வாங்கப் போகும்போது காது கொடுக்க வேண்டிய இடங்கள்

அமைப்பு வேறுபடுவதால் இரண்டு வண்டிகளும் தேய்வதும் வெவ்வேறு இடங்களில்தான். இவ்விளக்கத்தைப் பட்டறை வாசலில் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு இது உதவும்.

மாருதியின் முன்சக்கரங்கள் ஒரே நேரத்தில் வண்டியை ஓட்டவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சீராகச் சுழற்சியைக் கடத்தும் இணைப்புக்கு சிவி ஜாயின்ட் என்று பெயர். அதற்குள் இருக்கும் கிரீஸை ஒரு மடிப்பு ரப்பர் உறை காக்கிறது. உறை கிழிந்தால் மண் புகுந்து இணைப்பு தேய்ந்துவிடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து, வண்டியை மெதுவாக வட்டமடிக்க விட வேண்டும். சக்கரத்தின் பக்கமிருந்து "டக் டக் டக்" என்று சீராகச் சத்தம் வந்தால் அந்த இணைப்பு போய்விட்டது என்று பொருள். பிறகு மறுபக்கமும் ஒடித்துப் பார்க்க வேண்டும். கேம் ஷாஃப்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்; அது அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அம்பாசிடரில் காது பின்பக்கம் போக வேண்டும். முதல் கியரில் கிளட்சை விடும்போதும், முன்னே போன வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியிலிருந்து "டங்" என்று ஓர் அடி விழுந்தால் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருக்கக்கூடும். ஓடும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் வந்து, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஒலித்தால் கிரவுனும் பினியனும் தேய்ந்திருக்கும். அது செலவு வைக்கும் வேலை. இன்ஜினின் மேலிருந்து "டிக் டிக்" என்று வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் திருப்புளியும் இருந்தால் போதும், பழக்கமுள்ள மெக்கானிக் ஒரே மூச்சில் எட்டு வால்வுகளையும் சரிசெய்துவிடுவார்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு வண்டிகளையும் ஒரே சாலையில், ஒரே சுமையோடு, அவற்றுக்குரிய கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியான மாருதியையும் குடும்பத்தோடு போன அம்பாசிடரையும் நினைவிலிருந்து ஒப்பிட்டால், எடை வேறுபாட்டைத்தான் ஒப்பிட்டிருப்போம், வண்டிகளை அன்று.